மாமரத்தில் ஏறிய கொடியை எங்கே வெட்டுவது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வளவு ஒன்பது வருடம் ஆளில்லாமல் கிடந்ததாம். குடிவந்து பார்த்தால் மாமரம், தேசி, கிணற்றடிப் பலா, வேலிச் செவ்வரத்தை எல்லாவற்றையும் கொடி மூடியிருக்கிறது. போன வருடம் கூலிக்கு ஆள் பிடித்து வெட்டினார்கள். மாரியோடு முன்னையதைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. ஒரு மாமா நெருப்பு வைக்கச் சொல்கிறார். இன்னொரு மாமா வயலுக்கு அடித்து மிஞ்சிய களைமருந்தை அடிக்கச் சொல்கிறார். எதைச் செய்வது என்பது கேள்வி.

தங்கச்சி, இரண்டையும் செய்ய வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், போன வருடம் வெட்டியது ஏன் பலிக்கவில்லை என்பதைப் பார்ப்போம்.

மரம் வெயிலுக்கு வர வேண்டுமென்றால் தனக்கென்று ஒரு தண்டைக் கட்ட வேண்டும். அதற்கே பல வருடம் போய்விடும். கொடிக்கு அந்தச் செலவு கிடையாது. உங்கள் மாமரம் கட்டிய தண்டிலேயே ஏறி, உச்சியில் இலையை விரித்துவிடுகிறது. மிஞ்சும் சாப்பாட்டை நீளத்துக்கும் வேருக்கும் போடுகிறது. ஒன்பது வருடம் உச்சி வெயிலைத் தின்ற கொடிக்கு நிலத்துக்குள் எவ்வளவு சேமிப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்கள் வெட்டியது மேலே தெரிந்த இலையை. கீழே கிழங்கு அப்படியே கிடந்தது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்திருக்கிறது. அந்தக் கூலி வீண் என்று நினைக்க வேண்டாம். பாதி வேலை முடிந்திருந்தது, மீதிப் பாதியை யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இனி மாமரம். கொடியைப் பிடித்து இழுத்து இறக்காதீர்கள். எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். இளவயதில் தம்பிலுவில் வளவில் நானும் செய்தேன். பச்சைக் கொடி கயிறு மாதிரிக் கிளைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும். இரண்டு பேர் சேர்ந்து இழுத்ததில் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் பெரிய கிளை ஒன்று அடியோடு கிழிந்து வந்துவிட்டது. கிழிந்த இடம் உக்கி, நாலைந்து வருடத்தில் மரத்தின் அந்தப் பக்கமே போய்விட்டது. அந்த மரத்தை நட்டது என் அம்மம்மா. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரியான முறை இது. மரத்தைச் சுற்றி நடந்து, அடியிலிருந்து ஏறும் கொடி ஒவ்வொன்றையும் தேடுங்கள். ஒவ்வொன்றையும் நெஞ்சு உயரத்தில் ஒரு தரம், கணுக்கால் உயரத்தில் ஒரு தரம் வெட்டி, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். மரத்தைச் சுற்றி நெஞ்சு உயரம் வரை வெறும் பட்டை தெரிய வேண்டும். பட்டையைக் கத்தியால் கொத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே தொங்குவதைத் தொடவே வேண்டாம். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் இதைச் செய்தால் மேலே உள்ளது மூன்று நாலு வாரத்தில் சருகாகிவிடும். அதன் பிறகு கொக்கைத்தடியால் தட்டினாலே நொறுங்கி விழும். தடித்த தண்டுகள் மட்டும் கிளையில் கிடக்கும். கிடந்துவிட்டுப் போகட்டும், மாரியில் உக்கி விழுந்துவிடும். பார்க்க அழகாக இருக்காது, மரத்துக்குக் கேடில்லை.

ஆட்கள் போன தரம் எந்த மாதம் வெட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. புரட்டாதி கடைசியில், மழைக்குச் சற்று முன்னர் என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலும் அப்போதுதான் செய்வார்கள். அது மிகவும் பிழையான நேரம். வெட்டின சூட்டோடு மழை விழுந்தால், கீழே விழுந்த ஒவ்வொரு கணுவும் நடுகைத்தண்டு ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் வருட மழையின் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தையில்தான் கொட்டுகிறது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: வைகாசியிலிருந்து ஆவணிக்குள் மேலே அறுப்பது, மழை தொடங்கியதும் கீழே தோண்டுவது. கிழங்கு எங்கே இருக்கிறது என்று அப்போது துளிரே காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வளவில் ஒரே கொடி இல்லை. நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் ஐந்து வகை தெரிகிறது. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகப் பார்க்க வேண்டும்.

மாமரத்தில் வெள்ளைப்பூ, பழுத்தால் சிவக்கும் சிறு காய் என்றீர்களே, அது கொவ்வை. நம் ஊர்க்கொடிதான். ஆனாலும் ஆளில்லாத வளவில் அது யாருக்கும் அடங்காது. ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே காட்டு மரங்களையே மூடிய கதை உண்டு. ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. காய்ப்பது பெண்கொடி மட்டும். பழத்தைக் குருவிகள் தின்று விதையை ஊரெல்லாம் போடும். அதனால் காய்க்கும் கொடியை முதலில் தேடி அறுங்கள். அடியில் கிழங்கு போலப் பருத்த வேர் இருக்கும். நுனியை மட்டும் பிடுங்கினால் பயனில்லை, பருத்த பகுதி முழுதாக வெளியே வர வேண்டும். இளந்தளிரைச் சுண்டலாம், வறையும் செய்யலாம், ஆடும் நன்றாகத் தின்னும். கீரைக்கென்று ஒரு கொடியை மட்டும் பந்தலில் விட்டுக்கொண்டு, வாரம் ஒரு தரம் கிள்ளுவதானால் எனக்கு ஆட்சேபனை இல்லை. மாமரத்தில் வேண்டாம்.

அதே மரத்திலிருந்து நூல் நூலாகத் தொங்குவது என்ன என்று கேட்டிருந்தீர்கள். சீந்தில். பழைய ஆட்கள் இதைச் சாகாமூலி என்பார்கள். மற்றக் கொடிகளுக்குச் சொன்ன வெட்டு இதற்கு மட்டும் போதாது. அடியை அறுத்துவிட்டால் மேலே உள்ள துண்டு தன் தண்டுச் சாற்றிலேயே பல நாள் உயிரோடு இருந்து, மெல்லிய நூல் வேரைக் கீழே இறக்கும். அந்த நூல் மண்ணைத் தொட்டுவிட்டால் கொடி மறுபடியும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே வெட்டிய பிறகு வாரத்துக்கு ஒரு தரம் மரத்தடிக்குப் போய், இறங்கும் நூல்களைக் கைக்கு எட்டும் உயரத்தில் அறுத்துக்கொண்டே இருங்கள். கச்சான் காலம் முழுதும் இப்படிச் செய்தால் மேலே உள்ளது மெல்ல மெல்லச் சுருங்கிக் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் தொடங்கினால் உங்களால் நூலோடு போட்டி போட முடியாது. வெட்டிய துண்டுகளை நிலத்தில் போடவே கூடாது, ஒவ்வொன்றும் முளைக்கும். மருந்துக் கொடி என்பதால் ஊரில் யாராவது நாட்டு வைத்தியர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவரே ஆளனுப்பி வெட்டிக்கொண்டு போகக்கூடும்.

கிணற்றுக் கட்டிலும் தென்னையிலும் இளஞ்சிவப்புப் பூக்கொத்தோடு படர்ந்திருப்பது கொடி ரோஸ். மெக்சிகோவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த கொடி. பூங்கொத்தின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். தேனீ நிறைய வரும், அதனால் வெட்ட மனம் வராது. ஆனால் உங்கள் ஐந்து கொடிகளில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். நிலத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழங்கு வைத்துக்கொண்டே போகும். காய்கள் தண்ணீரில் மிதக்கும். வெள்ளம் வந்தால் வாய்க்கால் வழியாக அடுத்த வளவுக்கும் வாவிக் கரைக்கும் போய்விடும். தோண்டும்போது உடைந்து மண்ணில் நிற்கும் கிழங்குத் துண்டும் துளிர்க்கும். ஆகவே இதற்கு அவசரம் ஆகாது. ஒரு கொடிக்கு அரை நாள் என்று ஒதுக்கிக்கொண்டு, அலவாங்கால் சுற்றிவர மண்ணைத் தளர்த்தி, கையால் துழாவி எடுங்கள். கிணற்றுக் கட்டின் கல்லிடுக்கில் இறங்கிய கிழங்கைத் தோண்டப் போனால் கட்டு இடிந்துவிடும். அங்கே தோண்ட வேண்டாம். துளிர் வரவர நாலைந்து இலை விடுவதற்குள் கிள்ளிவிடுங்கள். ஒவ்வொரு துளிருக்கும் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. இலை வெயிலில் நின்று சம்பாதித்துக் கொடுக்காவிட்டால், ஒரு நாள் அந்தச் சேமிப்பு தீரும். என் அனுபவத்தில் இரண்டு மாரி பிடித்தது. இடையில் ஒரு மாதம் விட்டுவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பலாவில் சுளகு அகல இலையோடு ஏறியிருப்பதை ஏதோ காட்டுக்கொடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது மணி பிளான்ட். போத்தலில் தண்ணீர் ஊற்றி வரவேற்பறையில் வைப்பார்களே, அதே செடிதான். மரமும் ஈரமும் கிடைத்துவிட்டால் இலை இப்படிப் பெருத்து, ஓட்டை விழுந்து, ஆளையே மாற்றிக்கொள்ளும். குளிக்கிற தண்ணீர் ஓடும் கிணற்றடி அதற்குச் சொர்க்கம். யாரோ ஒரு காலத்தில் போத்தலிலிருந்த பழைய தண்டை அங்கே எறிந்திருப்பார்கள். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. இது இங்கே பூத்து விதை வைப்பதில்லை. தண்டுத் துண்டால் மட்டும்தான் பரவும். அதனால் துண்டு முழுவதையும் பொறுக்கிவிட்டால் திரும்பி வராது. மரப்பட்டையில் ஒட்டிய வேரை உரித்து எடுக்கப் பாடுபட வேண்டாம், காய்ந்ததும் தானே கழன்றுவிடும். சாறு தோலில் பட்டால் கடிக்கும், கையுறை போடுங்கள். ஆட்டுக்கு இதைப் போடாதீர்கள்.

கடைசி, செவ்வரத்தை வேலியில் மஞ்சள் நூல் போர்த்தியது மாதிரி இருப்பது. அம்மையார்கூந்தல் என்பார்கள். இலை இல்லை, நிலத்தில் வேரும் இல்லை. விதை முளைக்கும்போது மட்டும் ஒரு சிறு வேர் இருக்கும். சில நாளுக்குள் ஏதாவது செடியைப் பிடித்து உறிஞ்சத் தொடங்கியதும் அந்த வேர் காய்ந்துவிடும். ஆகவே வேரைத் தேடி அலைய வேண்டாம். நூலை மட்டும் உருவி எடுப்பதும் வேலைக்கு ஆகாது. செடிக்குள் குத்தி நிற்கும் உறிஞ்சியிலிருந்தே மறுபடி வளரும். பிடித்த கிளையோடு சேர்த்து வெட்டுங்கள். செவ்வரத்தை தாங்கும், அடியிலிருந்து நன்றாகத் துளிர்க்கும். பூத்துக் காய்க்க விட்டுவிட்டால் விதை மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியது. அதனால் எந்தக் கொடியிலும் முதல் நாள் கை வைக்க வேண்டியது இதில்தான். சிறிய வேலை, அரை நாளில் முடியும். அந்த இடத்தில் அடுத்த போகம் சோளம் மாதிரிப் புல்லினப் பயிரைப் போட்டால் அதை இந்த நூல் சரியாகப் பற்றாது. கடற்கரைப் பக்கம் இதே மாதிரி, ஆனால் தடித்து, பச்சை கலந்து இருப்பது கொத்தான். அது வேறு குடும்பம். வெட்டும் முறை ஒன்றுதான்.

சின்னச் சின்னப் பழத்தைச் சுற்றி வலை போட்டது மாதிரி இருக்கும் சிறுபூனைக்காலி கட்டாயம் எங்காவது நிற்கும். அது மழை ஈரத்தில் கையோடு வந்துவிடும், கவலை வேண்டாம். பூனைக்காலி கண்டால்தான் கவனம். நெற்றின் மேல் உள்ள பொன் நிறச் சுணை பட்டால் உடம்பு எரியும். நெற்று முற்றுவதற்கு முன்னரே அடியில் அறுத்துவிட வேண்டும். பட்டுவிட்டால் சொறியாமல், செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஒன்பது வருடக் கொடிக் குவியல் என்றால் அதற்குள் ஆள் கை விடுவதற்கு முன்னர் நீண்ட தடியால் தட்டுங்கள். புடையன் பாம்பு படுக்கப் பொருத்தமான இடம் அது. முசுறுக் கூடும் குளவிக் கூடும் மேலே இருக்கும். காலையில் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, முழங்கால் வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

தோண்டுவதற்கு உங்கள் பக்கம் ஒரு வசதி இருக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் கிழங்கு முழுதாக வெளியே வரும், ஈரமிருந்தால் கையே போதும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கத்தில் இதே வேலையைச் செய்பவர்கள் கோடையில் தோண்டப் போனால் மண் கல்லாக இருக்கும், கிழங்கு கழுத்தோடு முறிந்துவிடும். அவர்கள் இரண்டு நல்ல மழை விழும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எடுத்த கொடியை எங்கே போடுவது? வேலிக்கு வெளியேயோ வாய்க்காலிலோ வாவிக் கரையிலோ வேண்டவே வேண்டாம். இன்னொருவரின் வளவில் அதையே நட்ட மாதிரி ஆகும். பழைய தகரத்திலோ சீமெந்துத் தரையிலோ பரப்பி, வெயிலில் மொறுமொறு என்று ஆகும்வரை காயவிடுங்கள். கிழங்குகளை வெட்டிப் பிளந்து, கறுப்பு உரப்பைக்குள் கட்டி வெயிலில் வைத்தால் உள்ளேயே அவிந்துவிடும். நன்றாகக் காய்ந்த தண்டும் இலையும் தென்னையடிக்குப் போகலாம். காயாத எதையும் பசளைக் குழிக்குள் போடாதீர்கள்.

இப்போது மாமாமாரின் யோசனைக்கு வருகிறேன். கச்சான் காற்றில் நெருப்பு வைத்தால் அது உங்கள் வேலியோடு நிற்காது. பக்கத்து வளவுக் கிடுகு, தென்னோலை, வைக்கோல் எல்லாம் காய்ந்து கிடக்கிற காலம். அப்படியே அடங்கினாலும் மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் கிழங்குக்குச் சூடு போய்ச் சேராது. வெந்து போவது மாமரத்தின் பட்டைதான்.

வயல் மருந்து இன்னும் மோசம். நெல்லுக்கு அகன்ற இலைக் களை கொல்ல அடிப்பது எம்.சி.பி.ஏ. போன்றது. அதற்குக் கொடியும் அகன்ற இலைதான். முருங்கையும், பப்பாசியும், தக்காளியும், பக்கத்து வீட்டு மிளகாயும் அகன்ற இலைதான். காற்றில் ஒரு துளி போனாலே பப்பாசி இலை சுருண்டுவிடும். அதைவிடப் பெரிய விஷயம் கிணறு. எழுவான்கரையில் நாம் குடிப்பது மணலுக்குள் தேங்கிய மழைத் தண்ணீரை. உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும் நன்னீர் அது. மணல் எதையும் பிடித்து வைக்காது. மேலே ஊற்றியது கீழே போகும். மண்ணெண்ணெய், டீசல், உப்பு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கிணற்றடியில் இவற்றில் எதையும் ஊற்றாதீர்கள்.

களைகொல்லியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவருக்குள் இறங்கிய தடித்த தண்டு, தோண்டவே முடியாத இடம் என்று வந்தால், அறுத்த உடனே அந்த வெட்டுவாயில் மட்டும் தூரிகையால் தடவும் முறை ஒன்று இருக்கிறது. விசிறுவதில்லை, மண்ணில் விழுவதும் இல்லை. ஆனால் எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டே செய்யுங்கள். இலங்கையில் இதற்கான சட்டம் அடிக்கடி மாறியிருக்கிறது. கிளைபோசேற் 2015 இல் தடையாகி, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விடப்பட்டு, 2022 இல் தடை நீங்கியது. யார் வீட்டிலோ மூலையில் கிடக்கும் பழைய போத்தலை நம்ப முடியாது. கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரைப் பிடிக்க முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். கிணற்றுக் கட்டுக்கு மட்டும் இதையும் வேண்டாம் என்பேன். அங்கே கிள்ளிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு.

அப்புறம் ஒன்று. துப்புரவாக்கிய நிலத்தை வெறுமையாக விட்டால், அடுத்த மழைக்கு எஞ்சிய விதை எல்லாம் ஒன்றாக எழும்பும். மரத்தடியில் தேங்காய் உரிமட்டையைக் குப்புற நெருக்கமாக அடுக்கி, மேலே காய்ந்த ஓலை போடுங்கள். தண்டோடு முட்டாமல் ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கறையான் வரும். வெயில் படும் இடத்தில் மழையோடு வற்றாளை நடுங்கள். அதுவும் கொடிதான், ஆனால் நிலத்தோடு படர்ந்து மற்றதை எழும்ப விடாது, கிழங்கும் தரும். கௌபியும் நல்லது. ஆனால் கொடி ரோஸ் தோண்டிய இடத்தில் மட்டும் முதல் வருடம் எதையும் நடாதீர்கள். துளிர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வேலிக்கு அப்பால் உள்ள வளவும் ஆளில்லாதது என்றீர்கள். கொடி அங்கிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். வேலிக் கிளிசரியாவை ஆள் உயரத்துக்கு மேல் விடாமல் வருடத்துக்கு இரண்டு தரம் தறியுங்கள். உயர்ந்த வேலி கொடிக்கு ஏணி. காணிக்காரர் வெளிநாட்டில் இருந்தாலும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் பாருங்கள். வேலியோரம் இரண்டு முழம் உள்ளே துப்புரவாக்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இந்த வருடம் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். முதல் அம்மையார்கூந்தல், அடுத்து மாமரத்தையும் தேசியையும் சுற்றி வெட்டு, அதற்குப் பிறகு பலா. கொடி ரோஸுக்கு மழை வரட்டும். தேசி கன காலம் நிழலுக்குள் நின்றிருக்கும், திடீரென்று கச்சான் வெயில் பட்டால் பட்டை வெடிக்கக்கூடும். அதன் தண்டுக்கு மட்டும் நீற்றுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துப் பூசிவிட்டு, பின்னேரத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசியில் துளிர் வரும்போது எந்த இடத்தில் எந்தக் கொடி என்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.